ரிலீஸுக்குப் பெயர் வைப்பது எப்படி: எண்ணா, பறவையா, பலகாரமா?

#1 · விசைப்பலகை வேலன்

வணக்கம் மக்களே. நாங்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு வருஷமாக ஒரு தமிழ்ச் சொற்பிழைத் திருத்தி செய்துகொண்டிருக்கிறோம். இதுவரை 0.9.4, 0.9.5 என்று எண்ணிலேயே ஓட்டியாயிற்று. அடுத்த மாதம் முதல் முறையாக வெளியே விடப்போகிறோம். பக் (நிரல் பிழை) பார்க்கவேண்டிய நேரத்தில் மூன்று நாளாக வாட்ஸாப் குழுவில் பெயர்ச் சண்டை. ஒருத்தி, சங்க இலக்கியப் பறவைகளின் பெயரை வரிசையாக வைக்கலாம் என்கிறாள். இன்னொருவன், "1.0 போதும், பெயர் வைக்கிறதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் பண்ற பந்தா" என்கிறான். மூன்றாமவன் ஸ்டிக்கர் மட்டும் அனுப்புகிறான்.

பெரிய இடங்களில் இதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · சிஸ்அட்மின் சித்தப்பா

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு, பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயர் வேறு. கோட்நேம் என்பது வீட்டுப் பெயர். கடையில் விற்கிற பெயரை வேறு ஆட்கள், வேறு அறையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

விண்டோஸையே எடுத்துக்கொள். உள்ளே சிகாகோ என்று ஓடிக்கொண்டிருந்ததுதான் 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 ஆயிற்று. மெம்ஃபிஸ் 98 ஆயிற்று. விஸ்லர் எக்ஸ்பி. லாங்ஹார்ன் விஸ்டா. இந்தக் கடைசி இரண்டுக்கும் ஒரு கதை உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விஸ்லர், பிளாக்கோம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மலைகள். பனிச்சறுக்கு விளையாடப் போகிற இடம். எக்ஸ்பிக்கு ஒரு மலையின் பெயர், அதற்கப்புறம் வரப்போகிற பெரிய தாவலுக்கு அடுத்த மலையின் பெயர் என்பது திட்டம். நடுவில் சின்னதாக ஒரு வெளியீடு தேவைப்பட்டது. அந்த மலையடிவாரத்தில் லாங்ஹார்ன் என்று ஒரு மதுக்கடை. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிற வழியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம் என்பதால் அந்தச் சின்ன வெளியீட்டுக்கு அதன் பெயர்.

உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபர். விஸ்டா கடைக்கு வந்தது 2007 ஜனவரி.

#3 · தேநீர்க்கடை

"வழியில சும்மா அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம்." எங்கள் பிராஜெக்ட் மேனேஜரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்.

#4 · பழைய டெபியன்

சித்தப்பா சொன்னது கம்பெனிக் கதை. கோட்நேம் எதற்கு வேண்டும் என்று புரிய வேண்டுமானால் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் பாருங்கள். அங்கே அடிபட்டுத்தான் பெயர் வைத்தார்கள்.

1995-இன் கடைசி. டெபியன் 1.0 இன்னும் அடுப்பில் இருக்கிறது. லினக்ஸை சிடியில் அடித்து விற்கிற ஒரு நிறுவனம் அந்த வேலைப்பிரதியை எடுத்து, "டெபியன் 1.0" என்று தன் சிடி தொகுப்பில் போட்டு அனுப்பிவிட்டது. பாதி வெந்த சோறு. அந்த டிசம்பரில், "நீங்கள் வாங்கியது 1.0 இல்லை" என்று அறிவிப்பு விட வேண்டியதாயிற்று. ஆனால் 1.0 என்ற பெயரில் ஒன்று ஊருக்குள் உலாவத் தொடங்கிவிட்டதே, அதை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? அதனால் உண்மையான வெளியீட்டுக்கு 1.1 என்று எண் கொடுத்தார்கள். டெபியன் 1.0 என்று ஒன்று இன்றுவரை கிடையாது.

அதற்கப்புறம் ஏற்பாடு மாறியது. வேலை நடக்கிற அடைவுக்கு (ஃபோல்டருக்கு) எண்ணே கிடையாது, ஒரு பெயர்தான். எண் வெளியிடுகிற நாளில் வந்து ஒட்டிக்கொள்ளும். பாதியில் எவன் எடுத்துக்கொண்டு போனாலும் அவன் கையில் இருப்பது வெறும் பெயர், வெளியீடு இல்லை. 1996 ஜூனில் வந்த 1.1-க்குப் பெயர் பஸ். அப்போது திட்டத் தலைவர் புரூஸ் பெரென்ஸ், சம்பளத்துக்கு வேலை பார்த்தது பிக்ஸாரில். அதனால் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகள் வரிசையாக வந்துவிட்டன: பஸ், ரெக்ஸ், போ, ஹாம், ஸ்லிங்க் என்று தொடங்கி 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பு டிரிக்ஸி வரை. அவர் தலைமை விட்டுப் போய் ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகப்போகிறது, பொம்மைகள் போகவில்லை.

ஆகவே வேலன், உங்கள் நண்பன் சொல்வதுபோல் இது பந்தா இல்லை. முடியாத ஒன்றைப் பற்றி நாலு பேர் பேச வேண்டும், அதற்கு ஒரு சொல் வேண்டும். எண்ணை வைத்துப் பேசினால் அது வந்துவிட்டதாக எவனாவது எழுதி வைத்துவிடுவான்.

#5 · மலர்விழி

அண்ணா, சிட்-ஐ விட்டுட்டீங்களே! டெபியனில் எப்போதுமே நிலையில்லாமல் இருக்கிற கிளைக்குப் பெயர் சிட். அந்தப் படத்தில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளைப் பிய்த்துப் போடுகிற பையன். மற்ற பெயர்கள் வரும், போகும். சிட் மட்டும் அங்கேயே இருப்பான். பெயரே எச்சரிக்கைப் பலகை மாதிரி. நான் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் அதை நிறுவி, தேர்வுக்கு முதல் நாள் இரவு இரண்டு மணிக்குக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

#6 · தேநீர்க்கடை

பலகாரக் கதையை நான் சொல்கிறேன், கடை வைத்திருக்கிறேன் இல்லையா.

ஆண்ட்ராய்டு 1.5 கப்கேக், 2009 ஏப்ரல். அப்புறம் டோனட், எக்ளேர், ஃப்ரோயோ, ஜிஞ்சர்பிரெட் என்று அகரவரிசையில் ஒரு இனிப்புக்கடை. இதில் என் கவலை எல்லாம், நம் ஊரில் இதில் பாதியை யாரும் வாயில் வைத்ததே இல்லை என்பதுதான். மார்ஷ்மெல்லோ என்றால் என்ன என்று 2015-இல் என் தம்பி கேட்டான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் "பஞ்சு மிட்டாய்க்குப் பெரியப்பா மகன்" என்றேன்.

அந்த டிசம்பரில் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்தபோது கல்லூரி மாணவர்கள் இதையேதான் கேட்டார்கள், இந்திய இனிப்பின் பெயர் ஏன் வைக்கக்கூடாது என்று. அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன், இணையத்தில் வாக்கெடுப்புகூட வைக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து வரவேண்டிய ஆங்கில எழுத்து 'என்'. விடுவார்களா மலையாளிகள்? நெய்யப்பம்! முகநூல் முழுக்க நெய்யப்பம் வழிந்தது. 2016-இல் கூகுள் பொதுமக்களிடம் பெயர் கேட்டது உண்மை. ஆனால் கடைசி முடிவு எங்களுடையது என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். வந்தது நூகட். கடலை மிட்டாயின் வெளிநாட்டுச் சம்பந்தி.

#7 · சிஸ்அட்மின் சித்தப்பா

பலகாரத்தில் பெரிய ஆட்டம் 4.4 கிட்கேட். உள்ளே அதன் பெயர் கீ லைம் பை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாப் பக்கத்துப் பண்டம். அதன் சுவை எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அலுவலகச் சமையலறையில் எல்லோரும் கொறிப்பது கிட்கேட், அதையே வைத்தால் என்ன என்று நெஸ்லேயிடம் பேசினார்கள். 2013 செப்டம்பரில் அறிவிப்பு. இருதரப்பும் காசு கைமாறவில்லை என்றார்கள். நெஸ்லே ஆண்ட்ராய்டு பொம்மை போட்ட உறையில் ஐந்து கோடி சாக்லேட் விட்டது. காசு கைமாறாவிட்டால் என்ன, சுவரொட்டி இரண்டு பக்கமும் ஒட்டியாயிற்று. அதன்பிறகு 2017-இல் ஓரியோ.

#8 · யாழ்ப்பாணத்தான்

ஓம், ஆனா அந்த இனிப்புக் கடையை ஏன் பூட்டினவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. 2019 ஆகஸ்டில கூகுள் இனி வெறும் அன்ட்ரொயிட் 10 எண்டு அறிவிச்சது. காரணம் மொழிதான். சில மொழியளில இங்கிலிஸ் 'எல்' எழுத்தும் 'ஆர்' எழுத்தும் ஒரே மாதிரித்தான் கேக்கும், அப்ப லொலிபொப் எண்டால் அது கே-க்குப் பிறகு வந்ததோ வேற எதுவோ எண்டு காதால கேட்டுப் பிடிக்கேலாது. பை எண்டால் எல்லா ஊரிலயும் இனிப்பில்லை. மார்ஷ்மெலோ கனபேருக்குத் தெரியாது. புதுசா ஃபோன் வாங்கின ஆளுக்கு, தன்ர கையில இருக்கிறது புதுசோ பழசோ எண்டு பெயரைப் பாத்துச் சொல்லேலாமப் போச்சு.

வேலன் அண்ணை, இது உங்களுக்குத்தான் முக்கியம். பறவைப் பெயர் எண்டு வைச்சால் முதல் றிலீஸுக்கே "கிளி" எண்டு வைப்பியள். ஃபோனில உதவி கேக்கிற ஆள் "கிழி"யில பிழை வருது எண்டுவார். லகர ளகர ழகரம் எங்கட சனத்துக்கே தடுமாறுது. திருத்தி செய்யிற நீங்களே அறிவியள்.

#9 · விசைப்பலகை வேலன்

ஐயோ. "கிளி" உண்மையிலேயே பட்டியலில் இருக்கிறது. நீக்குகிறேன்.

#10 · தேநீர்க்கடை

யாழ் அண்ணா, கடையின் முன்கதவைத்தான் பூட்டினார்கள், சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. 10 உள்ளே குவின்ஸ் டார்ட், 11 ரெட் வெல்வெட் கேக், 13 டிராமிசு, 15 வனிலா ஐஸ்கிரீம். வி வரை வந்தவர்கள் 16-க்கு திடீரென்று பி-க்குத் திரும்பி பக்லாவா என்று வைத்தார்கள். சித்தப்பா சொன்ன வீட்டுப் பெயர் இதுதான் போல.

#11 · மலையேறி

உபுண்டு என்கிற லினக்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே! 2014 ஏப்ரலில் வந்த 14.04-க்கு டிரஸ்டி டார் என்று பெயர். டார் என்றால் நம்ம வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு! எங்கள் கல்லூரி ஆய்வகம் முழுக்க நம்ம நீலகிரி ஆட்டின் பெயரில்தான் ஓடியது.

#12 · பழைய டெபியன்

மலையேறி, ஆசையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். டார் என்று ஆங்கிலத்தில் மூன்று விலங்குகளைச் சொல்வார்கள்: இமயமலையில் ஒன்று, அரேபியாவில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வரையாடு. மூன்றும் ஒரே பேரினம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவைப் பார்த்து மூன்றையும் தனித்தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். வரையாடு செம்மறிக்குத்தான் நெருக்கமாம். நீலகிரி என்று அடைமொழி இல்லாத வரை அது நம் ஆடுதான் என்று சாதிக்க முடியாது.

உபுண்டுவின் பெயர் முறை எப்படிப் பிறந்தது என்பது இன்னும் சுவை. அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த்தும் ஒரு நண்பரும் சிட்னியில் படகில் போய்க்கொண்டிருக்கிறார்கள். முதல் வெளியீட்டுக்கு எவ்வளவு நாள் என்று பேச்சு. ஐந்தாறு மாதத்தில் விட்டுவிடலாம் என்கிறார் இவர். அவ்வளவு குறைந்த நாளில் மெருகேற்ற முடியாதே என்றதும், அப்படியானால் இதற்கு மருப்பிடித்த காட்டுப்பன்றி என்றே பெயர் வைப்போம் என்றாராம். முகமெல்லாம் மருவாக இருக்கிற ஆப்பிரிக்கப் பன்றி அது. வார்ட்டி வார்ட்ஹாக், 2004 அக்டோபர். சரியாக வராது என்று தெரிந்தே, பெயரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்த ரிலீஸ். அப்புறம் முள்ளெலி, வளைக்கரடி என்று மனம்போன போக்கில் போய், 6.06-இலிருந்துதான் அகரவரிசை பிடித்தார்கள். அதனால் ஏ-யும் சி-யும் வரிசையில் விட்டுப்போய், இஸட் முடிந்து சுற்றி வந்து 2017, 2018-இல்தான் கிடைத்தன.

#13 · மலையேறி

செம்மறியா?! பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். சரி, பரவாயில்லை.

அது கிடக்கட்டும், உபுண்டு மாதிரி அடைமொழியும் விலங்கும் ஒரே எழுத்தில் மோனையாகத் தமிழில் வைத்துப் பார்க்கலாமா? உயிரெழுத்து வரிசையில் தொடங்குகிறேன். அவசர அணில். ஆறப்போட்ட ஆமை.

#14 · மலர்விழி

இளிச்சவாய் இறால். ஈரம் காயாத ஈசல்.

#15 · தேநீர்க்கடை

உறங்கும் உடும்பு, ஊர்சுற்றி ஊர்க்குருவி, எகிறிய எலி. எகிறிய எலி என்றால் ரிலீஸ் தேதி தள்ளிப்போனது என்று அர்த்தம்.

#16 · யாழ்ப்பாணத்தான்

ஒட்டாத ஒட்டகம், ஓடுகாலி ஓணான். ஏ-க்கு ஏமாந்த ஏறு. ஐ-க்கு என்ன செய்யப் போறியள்?

#17 · மலையேறி

ஐயமில்லா ஐராவதம்!

#18 · பழைய டெபியன்

ஐராவதம் வடமொழி. இந்திரனுடைய யானை என்றாலும் இறக்குமதி யானை. ஔ-க்கு ஔவையைத் தவிர யாரும் இல்லை, பாட்டியை விலங்குப் பட்டியலில் சேர்த்தால் அடி விழும். உயிரெழுத்தை முடித்து மெய்வரிசைக்குப் போனாலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ஆண்டுக்கு இரண்டு ரிலீஸ் என்றால் ஆறு வருஷத்துக்குள் ஔ-வில் வந்து முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

#19 · தேநீர்க்கடை

ஔ-வைத் தாண்டிக் குதித்துவிடலாம். விண்டோஸ் 8-க்கு அப்புறம் 9 எங்கே போயிற்று?

#20 · எண்ணே துணை

இதற்குத்தான் நான் வந்தேன். விண்டோஸ் 9 ஏன் வரவில்லை என்பதற்கு ஊரெல்லாம் சொல்கிற காரணம் இது: பழைய நிரல்களில் "பெயர் விண்டோஸ் 9 என்று தொடங்கினால்" என்று ஒரு சோதனை இருக்கும், 95-ஐயும் 98-ஐயும் ஒரே வரியில் பிடிப்பதற்காக. உண்மையான 9 வந்தால் அந்த நிரல்கள் அதையும் கிழடு என்று நினைத்துவிடும். கதை நன்றாகத்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதைக் காரணம் என்று சொன்னதில்லை. 2014 செப்டம்பரில் மேடையேறி 10 என்றார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அதே வகைப் பயம் அவர்களுக்கு இருந்தது என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. விண்டோஸ் 7-இல் கட்டளைத் திரையைத் திறந்து பதிப்பு என்ன என்று கேட்டால் 6.1 என்று சொல்லும். விஸ்டா 6.0. முதல் எண்ணை 7 ஆக்கினால் "6-தானே வேண்டும்" என்று கேட்கிற பழைய மென்பொருள்கள் ஓட மறுக்கும் என்று, பெட்டிமேல் 7-ம் உள்ளே 6.1-ம் வைத்தார்கள். 8 என்பது 6.2, 8.1 என்பது 6.3. இன்றைக்கு உங்கள் கணினியில் இருக்கிற விண்டோஸ் 11 கூட உள்ளே 10.0 தான்.

எண் என்றால் பெயரைவிட நேர்மையானது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொன்னேன். (என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பத்து வருஷம் முந்தி வைத்தது.)

#21 · சிஸ்அட்மின் சித்தப்பா

தேதி வைத்தாலும் தலைவலிதான். விண்டோஸ் 10-இன் அரையாண்டு ரிலீஸ்களுக்கு வருஷம் இரண்டு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம் என்று வைத்தார்கள். 1803, 1903. 2020 வந்தது, கணக்குப்படி அது 2003 ஆக வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் சர்வர் 2003 என்று ஒன்று உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. குழப்பம் வேண்டாமென்று 2004 என்றார்கள். வெளியே வந்தது மே மாதம். 2020 மேயில் வந்த பொருளுக்கு 2004 என்று பெயர். எங்கள் தணிக்கைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பதினாறு வருஷப் பழைய மென்பொருளா இன்னும் வைத்திருக்கிறீர்கள்" என்று குறிப்பு எழுதிவிட்டார். அதற்குப் பதில் எழுதி மாய்ந்தேன். அடுத்த ரிலீஸிலிருந்து 20எச்2 என்று மாற்றிக்கொண்டார்கள்.

#22 · பூனைக்காரி

ஆப்பிள் இல்லாமல் இந்த இழை முடியாது. மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0 சீட்டா, 10.1 பூமா. இரண்டும் வீட்டுப் பெயராகவே இருந்தன. 2002-இல் 10.2 ஜாகுவார் வந்தபோதுதான் பூனை பெட்டிமேல் ஏறியது, புள்ளித்தோலோடு. பாந்தர், டைகர், லெப்பர்ட், ஸ்னோ லெப்பர்ட், லயன், மவுன்டன் லயன். டைகர் வந்தபோது அதே பெயரில் கணினிப் பொருள் விற்கிற ஒரு கடைக்காரர் வழக்கே போட்டார். தடை கிடைக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம்: பூமாவும் மவுன்டன் லயனும் ஒரே விலங்கு. 2001-இல் வைத்ததையே 2012-இல் வேறு பெயரில் திரும்ப வைத்திருக்கிறார்கள். பூனை தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? அடுத்த வருஷம் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி மேடையில் நின்று, பூனைப் பற்றாக்குறையால் தாமதமான முதல் மென்பொருள் என்ற பெயர் வேண்டாம் என்று கிண்டலடித்துவிட்டு, ஸீ லயன் என்று ஒரு படத்தைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு, கலிஃபோர்னியாவின் இடங்களுக்குப் போய்விட்டார். மேவரிக்ஸ், யோசெமிட்டி, 2025-இல் டாஹோ வரை. டாஹோவோடு எல்லாக் கருவிகளுக்கும் 26 என்று ஒரே எண். ஐஓஎஸ் 18-க்கு அடுத்தது 26. கார் கம்பெனி மாதிரி அடுத்த வருஷத்து எண்ணை இந்த வருஷமே போட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டுப் பெயர் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவர்களிடமே உதாரணம் இருக்கிறது. இது மென்பொருள் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1990-களில் ஒரு மேகின்டோஷ் கணினிக்கு உள்ளே கார்ல் சேகன் என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் கசிந்தது. வானியலாளர் சேகன் என் பெயரை எடுங்கள் என்று கண்டித்தார். எடுத்துவிட்டு பிஹெச்ஏ என்று வைத்தார்கள். விரித்தால் "மரமண்டை வானியலாளர்". அவர் வழக்குப் போட்டார், தோற்றார். ஆனாலும் பொறியாளர்கள் மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது பெயர் எல்ஏடபிள்யூ: வக்கீல்கள் கோழைகள்.

#23 · தேநீர்க்கடை

மரமண்டை! இப்படி ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைக்கவில்லையே.

#24 · சிஸ்அட்மின் சித்தப்பா

பெயர் வழக்கு என்றால் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் முதலில் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கிற அடிப்படை நிரல்) செய்கிற நிறுவனம் இருந்தது. ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள், அந்தப் பெயரில் ஒரு தரவுத்தளத் திட்டம் இருந்தது, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்று நின்றது. இன்னொன்று மாண்ட்ரேக் லினக்ஸ். முத்து காமிக்ஸ் படித்த ஆட்களுக்கு மந்திரவாதி மாண்ட்ரேக்கைத் தெரியும். அந்தப் பாத்திரத்தின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2005-இல் கனெக்டிவா என்ற பிரேசில் நிறுவனத்தோடு சேர்ந்தபோது பெயரை மாண்ட்ரீவா ஆக்கிக்கொண்டார்கள்.

வேலன், உங்கள் திருத்திக்கே பெயர் வைத்துவிட்டீர்களா? வணிகமுத்திரைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தீர்களா? அதைச் செய்துவிட்டுப் பறவைக்கு வாருங்கள்.

#25 · மலர்விழி

தொழில்நுட்பமாக ஒரு எச்சரிக்கை. ஃபெடோரா என்கிற லினக்ஸில் ஒரு விதி இருந்தது: ஒவ்வொரு ரிலீஸ் பெயருக்கும் முந்தைய பெயரோடு ஏதாவது உறவு இருக்க வேண்டும், அந்த உறவும் புதிதாக இருக்க வேண்டும். 18-க்கு ஸ்பெரிக்கல் கவ், அதாவது உருண்டைப் பசு. இயற்பியல்காரர்களின் நகைச்சுவை அது. அங்கிருந்து 2013-இல் 19-க்கு ஸ்ரோடிங்கரின் பூனை. அந்தப் பெயரில் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு மேற்கோள் குறியும், ஓ-வுக்கு மேல் இரண்டு புள்ளியும் வரும். பெயரைக் கோப்பில் படிக்கிற மென்பொருள் சிலது அந்த ஒற்றை மேற்கோளில் இடறியது, சிலது அந்தப் புள்ளி வைத்த ஓ-வில் இடறியது. பெயரே பக் கண்டுபிடிக்கிற கருவியாகிவிட்டது. அடுத்ததற்கு ஹைசன்பக் என்று வைத்தார்கள், பார்க்கப் போனால் மறைந்துவிடுகிற பிழை. அத்தோடு பெயர் வைப்பதையே விட்டுவிட்டார்கள். 21-இலிருந்து வெறும் எண்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ரிலீஸுக்குக் "குறிஞ்சி" என்று வைத்து, ஆர்வக்கோளாறில் அடைவின் பெயரையும் தமிழ் எழுத்திலேயே வைத்துவிட்டேன். என் கணினியில் ஓடியது, சோதனைக் கணினியில் ஓடியது. வாடிக்கையாளரின் சர்வரில் கு தனியாகவும் கட்டம் கட்டமாகவும் வந்து நிறுவல் நின்றுபோயிற்று. விடியற்காலை நாலு மணிக்கு அடைவின் பெயரை ரோமன் எழுத்தில் மாற்றினோம். பெயர் தமிழில் இருக்கட்டும், அடைவு, கிளை, தரவுத்தளப் பெயர் எதிலும் அது போகவேண்டாம். ஒருமுறை போய்விட்டால் வெளியே வரவும் வராது. அந்தக் குறிஞ்சி இன்னமும் யாரோ ஒருவருடைய பிழைப்பதிவில் வந்துகொண்டிருக்கும்.

#26 · யாழ்ப்பாணத்தான்

தமிழ் எழுத்தில வைச்சாலும் எந்தத் தமிழ்? நாங்கள் "றிலீஸ்" எண்டு எழுதுவம், நீங்கள் "ரிலீஸ்". நான் "அன்ட்ரொயிட்", நீங்கள் "ஆண்ட்ராய்டு". அண்ணையின்ர திருத்தி ஆருக்குச் சிவப்புக் கோடு போடும்?

#27 · விசைப்பலகை வேலன்

இரண்டுக்கும் போடுகிறது. அதுதான் 0.9.5-இன் திறந்த பக், எண் 41.

#28 · மலையேறி

எனக்கு இன்னொரு வருத்தம். பாஸ் லினக்ஸ், நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் இருந்ததே, அது சென்னையில் சிடாக் என்கிற மத்திய அரசுக் கணினி ஆய்வு மையத்தில் செய்தது. அதன் ரிலீஸ் பெயர்களைப் பாருங்கள்: அனோகா, அனூப், திருஷ்டி, உன்னதி, ஊர்ஜா. இந்தியா முழுக்கப் போகிற பொருள், அதனால் அப்படி என்று சொல்வார்கள். தெரியும். ஒன்றே ஒன்றுக்காவது "நெய்தல்" என்று வைத்திருந்தால் டெல்லியில் சொல்லிப் பார்த்திருப்பார்கள், நாக்கு சுளுக்கியிருக்காது.

#29 · தேநீர்க்கடை

திருஷ்டி தமிழ்நாட்டில் சரியாகத்தான் இருக்கும். மானிட்டரில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டால் போதும்.

#30 · எண்ணே துணை

எண் பக்கம் இரண்டு பேரைச் சொல்லிவிட்டுப் போகிறேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் கெர்னலின் (மையக் கருவின்) முதல் எண்ணை மாற்றுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. 3.19-க்கு அப்புறம் 4.0, 4.20-க்கு அப்புறம் 5.0, 5.19-க்கு அப்புறம் 6.0. கைவிரல் கால்விரல் தீர்ந்தால் மாற்றுகிறேன் என்பது அவர் கணக்கு. 2013-இல் 3.11 வந்தபோது, பழைய விண்டோஸ் 3.11-ஐக் கிண்டலடித்து, "பணிக்குழுக்களுக்கான லினக்ஸ்" என்று பெயர் வைத்தார்.

இன்னொருவர் டொனால்ட் நூத். அவருடைய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண் 3.1, 3.14, 3.141 என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு இலக்கம் கூடும். இப்போது 3.141592653. தான் இறந்தபின் பதிப்பெண் கணிதத்துப் பை (π) என்றே நிற்கட்டும், அதன்பின் இருக்கிற பிழைகளெல்லாம் அம்சங்களாகிவிடட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். இனிமேல் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை என்பதை இதைவிட அழகாக ஒரு எண் சொல்லி நான் பார்த்ததில்லை.

#31 · விசைப்பலகை வேலன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நாலு பேரும் இந்த இழையை உட்கார்ந்து படித்தோம். ஸ்டிக்கர்காரன் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் தட்டச்சினான்: "பழைய டெபியன் சொல்றதுதான் சரி."

முடிவு இதுதான். வெளியே வருஷமும் மாதமும், உபுண்டு மாதிரி, புள்ளி வைத்து. தணிக்கைக்காரர் குழம்பாமலிருக்க வருஷத்தை நாலு இலக்கத்திலும் எழுதுவோம். உள்ளே, வேலை நடக்கும்போது மட்டும் பறவை. அடைவில் ரோமன் எழுத்து. வெளியிடுகிற நாள் வரை எண் என்று எதையும் யாரும் வாயால் சொல்லக்கூடாது. முத்திரைப் பதிவேட்டில் தேடச் சொன்னது ரொம்ப நல்லதாகப் போயிற்று சித்தப்பா. திருத்திக்கு நாங்கள் வைத்திருந்த பெயரில் ஏற்கெனவே ஒரு நோட்டுப்புத்தகக் கம்பெனி இருக்கிறது. அதை மாற்றுகிற வேலை வேறு வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் பறவை அன்றில். ழகர ளகரச் சிக்கல் இல்லை, அகரத்தில் தொடங்குகிறது, சங்கப் பாட்டில் இருக்கிறது.

#32 · பழைய டெபியன்

தம்பி, அன்றில் ஜோடியில் ஒன்று பிரிந்தால் மற்றது உயிர் வாழாது என்பார்கள். உங்கள் திருத்தி சர்வரோடு தொடர்பு போனால் என்ன செய்யும்?

#33 · விசைப்பலகை வேலன்

...செத்துப்போகும். பக் எண் 17.

#34 · மலர்விழி

அப்படியானால் பெயர் பொருத்தம்தான், மாத்தாதீங்க. 17-ஐச் சரிசெய்த அப்புறம் அடுத்த பறவைக்குப் போங்க.